ஒரு ரூம் போதுமா?

டீன் ஏஜ் பிள்ளைகளோடு டூர் கிளம்பும் குடும்பங்களுக்கு...

இரண்டு வருடத்துக்கு முன், மே மாதத்தில் ஒரு ராத்திரி. மேட்டுப்பாளையத்தில் மலையேறத் தொடங்கி, பர்லியாறு, குன்னூர் என்று வண்டி ஊர்ந்து ஊர்ந்து ஊட்டிக்குள் நுழையும்போது மணி ஒன்பதரை. நான், மனைவி, 15 வயது மகள், 13 வயது மகன். முன்பதிவு செய்திருந்தது ஒரே ஒரு ரூம். "டபுள் ரூம் சார், எக்ஸ்ட்ரா பெட் போட்டுடறோம். நாலு பேரும் தாராளமா படுக்கலாம்" என்று போனில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. நாலு பேரும் படுக்க முடிந்தது. கட்டிலில் மூன்று பேர், கீழே மெத்தையில் நான்.

ஆனால், படுப்பதற்கு முன் உடை மாற்ற வேண்டுமே. மகள் நைட் டிரெஸ்ஸை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள். தரையெல்லாம் ஈரம். துணி மாட்ட ஒரே ஒரு கொக்கி. உள்ளே போனவள் வெளியில் வர அரை மணி நேரம் ஆனது. "இவ்வளவு நேரம் என்னம்மா பண்றே?" என்று நான் வேறு குரல் கொடுத்தேன். பதில் இல்லை. வந்ததும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். வீட்டில் ராத்திரி பதினொரு மணி வரை ஓயாமல் பேசுகிற பெண்.

மறுநாள் தாவரவியல் பூங்காவிலும் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானம் மனைவிதான் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். முதல் நாள் ராத்திரி மகளுக்கு மாதவிடாய் தொடங்கியிருந்தது. அப்பாவும் தம்பியும் அதே அறையில் இருக்கும்போது, பையைத் திறந்து நாப்கின் எடுக்கக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. "இன்னிக்கும் அதே ரூம்தானாம்மா?" என்று மட்டும் கேட்டாளாம். அவளிடம் அனுமதி கேட்டு, அவள் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

அன்று சாயங்காலமே அங்கேயே இன்னொரு ரூம் கேட்டோம். சீசன் நேரம். மூன்றாவது மாடியில் ஒன்றுதான் காலியாக இருந்தது. அம்மாவும் மகளும் அங்கே போனார்கள். பத்து மணிக்கு மகள் இன்டர்காமில் கூப்பிட்டு, தம்பியை வம்புக்கு இழுத்துச் சிரித்தாள். அந்தப் பயணத்தில் நான் செய்த செலவுகளிலேயே உருப்படியான செலவு அந்த இரண்டாவது ரூம்தான்.

வாடகைக்குப் பெரியவர், மெத்தைக்குக் குழந்தை

டூர் என்றதும் நாம் வண்டியைப் பற்றிப் பேசுகிறோம், பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுகிறோம், முறுக்கும் புளிசாதமும் கட்டுகிறோம். ரூம் மட்டும், பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு வயதாக இருந்தபோது போட்ட அதே கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது ஒரு கட்டில் போதும். நடுவில் பிள்ளை, இரண்டு பக்கமும் நாம். பத்து வருடம் கழித்து அதே கணக்கை நீட்டினால் எப்படிப் பொருந்தும்?

ஓட்டல்கள் பிள்ளைகளை வயதை வைத்துப் பிரிக்கின்றன. வயது வரம்பு இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். பெரும்பாலும் ஐந்து, ஆறு வயது வரை பெற்றோர் கட்டிலிலேயே படுத்தால் காசு இல்லை. அதற்கு மேல் 12 வரை ஒரு தொகை, தனி மெத்தை கேட்டால் இன்னொரு தொகை. 12-ஐத் தாண்டினால் பல இடங்களில் முழு ஆள். ரயிலிலும் 12 வயதானால் முழு டிக்கெட்தான். ஆக, காசு வாங்கும்போது 13 வயதுப் பிள்ளை பெரியவர். மெத்தை போடும்போது மட்டும் குழந்தையாகிவிடுகிறார். எக்ஸ்ட்ரா பெட் என்று வருவது சில இடங்களில் சக்கரம் வைத்த மடக்குக் கட்டில். பல இடங்களில் தரையில் விரிக்கிற மூன்றடி அகல மெத்தை. பத்தாம் வகுப்புப் பையன் அப்பாவின் தோளைத் தாண்டி வளர்ந்திருப்பான். கடல் மட்டத்தில் இருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில், தரையில் படுத்தால் விடியற்காலைக் குளிர் முதுகில் ஏறும்.

ஒரு ரூமில் அதிகபட்சம் மூன்று பெரியவர்கள் என்பது பரவலாக உள்ள விதி. நாலு பேர் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகளும் 12-ஐத் தாண்டிவிட்டால், விதிப்படியே அந்தக் குடும்பம் ஒரு ரூமுக்குள் அடங்காது. இது தெரிந்துதான் பலர் ஆப்பில் பதிவு செய்யும்போது 14 வயதை 11 என்று போடுகிறார்கள். ரிசப்ஷனில் ஆதாரை நீட்டும்போது குட்டு உடைகிறது. பிள்ளையின் முன்னாலேயே பேரம் நடக்கிறது. "குழந்தைதானேங்க, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று அப்பா கெஞ்சுவதை, பக்கத்தில் நிற்கிற 14 வயதுப் பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான். வயதை உள்ளபடி போடுங்கள். ஆப் இரண்டு ரூம் கேட்டால், அது நியாயமான கேள்வி.

"எங்க காலத்துல கல்யாண மண்டபத்துல முப்பது பேர் ஒண்ணா படுத்தோமே" என்று பாட்டிகள் சொல்வது உண்மை. ஆனால், அங்கே ஒரு ஒழுங்கு இருந்தது. ஆண்கள் திண்ணையிலோ ஹாலிலோ ஜமுக்காளம் விரித்தார்கள். பெண்கள் உள் அறையில். வயசுக்கு வந்த பெண் அத்தைக்கும் பாட்டிக்கும் நடுவில். எத்தனை கூட்டத்திலும் உடை மாற்ற ஓர் அறை, கதவைச் சாத்தப் பெரியவள் ஒருத்தி இருந்தாள். டபுள் ரூமில் அந்தத் திண்ணையும் இல்லை, உள் அறையும் இல்லை. அது இரண்டு பேருக்காகக் கட்டிய அறை.

கண்ணாடிச் சுவர்

அந்த இரண்டு பேரும் யார் என்பது பாத்ரூமைப் பார்த்தால் தெரியும். சமீப காலத்தில் கட்டிய ஓட்டல்கள் பலவற்றில், கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் சுவருக்குப் பதில் கண்ணாடி வைக்கிறார்கள். சின்ன அறை பெரிதாகத் தெரியும், ஜன்னல் வெளிச்சம் பாத்ரூம் வரை போகும் என்பது காரணம். தேனிலவுத் தம்பதிக்கோ, வேலை விஷயமாகத் தனியாக வருகிறவருக்கோ அதனால் தொந்தரவு இல்லை. அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து டி.வி. பார்க்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு 16 வயதுப் பெண் குளிக்க வேண்டும் என்றால், அவள் குளிக்காமலேயே இருந்துவிடுவாள்.

"திரை இருக்கு சார்" என்பார்கள். இருக்கும். சில இடங்களில் அந்தத் திரையை ஏற்றி இறக்கும் கயிறு படுக்கை அறைப் பக்கம் தொங்கும். திரை சரியாக இருந்தாலும் சத்தத்தை அது மறைக்காது. இன்னும் சில ரூம்களில் பாத்ரூமுக்குத் தள்ளு கதவு. உள்ளே தாழ்ப்பாளே கிடையாது.

அதனால் நான் இப்போதெல்லாம் இணையத்தில் முதலில் பார்ப்பது பாத்ரூம் படத்தைத்தான். வியூ, நீச்சல் குளம், கேம்ப் ஃபயர் எல்லாம் பிறகு. படத்தில் தெளிவில்லை என்றால் போன் போட்டு நேரடியாகக் கேட்டுவிடுகிறேன்: பாத்ரூம் சுவர் கண்ணாடியா, செங்கல்லா? கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? உள்ளே குப்பைக் கூடை உண்டா? வளர்ந்த பெண் பிள்ளையோடு வருகிறோம் என்று காரணத்தையும் சொல்லிவிடுவேன். எதிர்முனையில் இருப்பவருக்கும் பெரும்பாலும் வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருக்கும். "கேட்டது நல்லதுங்க, பழைய பிளாக்ல போட்டுடறேன்" என்று ஒரு மேனேஜர் எனக்கு ரூமை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

யார் யாரோடு?

இரண்டு ரூம் என்று முடிவானதும் வரும் கேள்வி இது. அப்பா, அம்மா ஒரு ரூம், பிள்ளைகள் ஒரு ரூம் என்பது முதலில் தோன்றும். இரண்டும் பெண்களாகவோ, இரண்டும் பையன்களாகவோ இருந்தால் அதுதான் சரி. அவர்களுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை. அக்காவும் தம்பியுமாக இருந்தால், அம்மாவும் மகளும் ஒரு ரூம், அப்பாவும் மகனும் ஒரு ரூம். எங்கள் வீட்டில் இப்போது இதுதான் ஏற்பாடு. இதில் நான் எதிர்பாராத ஒரு லாபம் கிடைத்தது. வீட்டில் என்னிடம் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத மகன், ஏற்காட்டில் ஒரு ராத்திரி ஒரு மணி வரை தன் சிநேகிதர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். விளக்கு அணைந்த அறையில், இரண்டு கட்டிலில், ஆளுக்கொரு பக்கம் கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும்போது பையன்கள் பேசுவார்கள்.

அதற்கு இரண்டு கட்டில் வேண்டும். டபுள் என்றால் சேர்ந்த ஒரே கட்டில், ட்வின் என்றால் தனித்தனி. பதிவு செய்யும்போது ட்வின் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் டபுள்தான் வரும்.

பாட்டியும் வருகிறார் என்றால் பேத்திகளோடு பாட்டி. மேல் மாடி வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட்டும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது, இரண்டு ரூமும் எங்கே இருக்கின்றன என்பது. கனெக்டிங் ரூம் என்றால் நடுவில் கதவு உண்டு, வராந்தாவுக்கு வராமலே போய் வரலாம். அட்ஜாயினிங் என்றால் அடுத்தடுத்த ரூம், அவ்வளவுதான். நம்மிடம் போனில் பேசுகிறவர்களே இரண்டையும் குழப்புவார்கள். "நடுவில் கதவு இருக்கா?" என்று தமிழில் கேட்பதே பாதுகாப்பு. பெரிய ஓட்டல் குழுமங்கள்கூட நீண்ட காலம் இதை ஒரு வேண்டுகோளாக மட்டுமே குறித்துக்கொண்டன. கிடைத்தால் உண்டு. முன்பதிவிலேயே கனெக்டிங் ரூமை உறுதி செய்து தரும் வசதியை ஹில்டன் 2021-ல்தான் கொண்டு வந்தது. நம் மலை ஊர் லாட்ஜ்களில் நடுக்கதவு அபூர்வம். அடுத்தடுத்த ரூம், அதுவும் இல்லையென்றால் ஒரே மாடியில் எதிரெதிர் ரூம் என்று கேட்டு, கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி போனில் நினைவூட்டி, மதியம் இரண்டு மணி வாக்கிலேயே போய்ச் சேர்வதுதான் வழி. சாவி கொடுப்பது முந்தி வருகிறவர்களுக்குத்தான். கடைசி நேரத்தில் கேட்டதால்தான் எங்களுக்கு மூன்றாவது மாடி கிடைத்தது.

18 வயது நிரம்பாதவர்கள் பெயரில் ரூம் தர மாட்டார்கள். இரண்டு ரூமையும் ஒருவர் பெயரிலேயே போடாமல், ஒன்று அப்பா பெயரில், ஒன்று அம்மா பெயரில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் மட்டும் தனி ரூமில் இருந்தால், போன் செய்யாமல் யார் தட்டினாலும், ரூம் பாய் ஆனாலும், கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைக்க வேண்டும். பால்கனி உள்ள ரூம் எது, வராந்தாக் கோடியில் இருக்கும் ரூம் எது என்று பார்த்து, அதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கதவை நாம் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்பதும் இதில் சேர்த்தி.

இரண்டு ரூம், எவ்வளவு?

"சொல்றது சரி, காசு?" இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது ரூம் செலவுதான். ஆனால், நினைக்கிற அளவுக்கு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்தில் இருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. 7,500-ஐத் தாண்டினால் 18 சதவிகிதம். இந்தக் கணக்கு ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனி. 9,000 ரூபாய்க்கு ஒரே ஒரு ஃபேமிலி சூட் எடுத்தால் வரி 1,620 ரூபாய், மொத்தம் 10,620. அதே பணத்தில் 4,500 ரூபாய் ரூம் இரண்டு எடுத்தால் வரி 450 ரூபாய், மொத்தம் 9,450. ஒரு ராத்திரிக்கு 1,170 ரூபாய் மிச்சம். இரண்டு பாத்ரூம், இரண்டு கதவு.

அவ்வளவு முடியாதவர்கள் ஒரு நட்சத்திரம் குறைத்துக்கொள்ளலாம். மூன்று ராத்திரியை இரண்டாக்கலாம். நீச்சல் குளத்தை விட்டுவிடலாம். ஒரு நல்ல ரூமா, இரண்டு சாதாரண ரூமா என்றால், டீன் ஏஜ் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இரண்டு சாதாரண ரூம்தான்.

சமையலறையோடு இரண்டு படுக்கை அறை கொண்ட ஹோம்ஸ்டே, காட்டேஜ் இன்னொரு நல்ல வழி. கொடைக்கானல், மூணாறு, குடகுப் பக்கம் நிறைய இருக்கின்றன. அங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு படுக்கை அறை என்று போட்டிருப்பார்கள்; சில இடங்களில் இரண்டாவது அறைக்கு முதல் அறை வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். படத்தில் இது தெரியாது.

அவர்கள் தூங்கும் நேரம்

ரூமைப் பிரிப்பதற்கு இன்னொரு காரணம் தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கேடன் பல பத்தாண்டுகளாகச் செய்த ஆய்வுகள், பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்கு நகர்ந்துவிடுகிறது என்று காட்டின. தூக்கத்துக்கான மெலட்டோனின் அவர்களுக்குத் தாமதமாகச் சுரக்கிறது. பன்னிரண்டு மணி வரை விழித்திருப்பதில் போனுக்கும் பங்கு உண்டு. ஆனால், போனைப் பிடுங்கி வைத்தாலும் ஒன்பது மணிக்கு அவர்களால் தூங்க முடியாது.

நாள் முழுக்க வண்டி ஓட்டிய அப்பா ஒன்பதரைக்குக் குறட்டை விடுகிறார். அதே அறையில் இரண்டு போன் வெளிச்சம். ஒருவருக்கு வெளிச்சம் தொந்தரவு, மற்றவருக்குக் குறட்டை. காலையில் ஐந்தரைக்கு எழுந்து தொட்டபெட்டா போகலாம் என்று அப்பா கத்துகிறார். சண்டை அங்கேதான் தொடங்குகிறது. மூன்று நாள் டூரில் ஒரு நாள் மட்டும் விடியலில் கிளம்புவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். மற்ற நாட்களில் எட்டு மணி வரை தூங்கட்டும். காலைச் சிற்றுண்டி எத்தனை மணியோடு முடியும் என்று கேட்டு வைத்துக்கொண்டால் போதும். பல இடங்களில் பத்து மணி.

மலை ஊர்களில் வெந்நீருக்கும் நேரம் உண்டு. காலை ஆறு முதல் ஒன்பது வரைதான் என்று எழுதிப் போட்டிருப்பார்கள். ஆளுக்கு இருபது நிமிடம் வைத்தால், ஒரே பாத்ரூமில் நாலு பேர் குளிக்க ஒரு மணி இருபது நிமிடம். பத்தாம் வகுப்புப் பெண் தலைக்குக் குளித்தால் இன்னும் கூடும். எட்டு மணிக்கு எழுந்தால் மிச்சம் இருப்பது ஒரு மணி நேரம்தான். அதற்கும் இரண்டு பாத்ரூம் வேண்டும்.

பதிவு செய்யும் முன்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7-ம் தேதி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வைத்தார்கள். ரூமுக்குப் பணம் கட்டிவிட்டுப் பாஸுக்கு அலையக் கூடாது. கிளம்பும் தேதியில் என்ன விதி என்று பார்த்து, இரண்டையும் ஒன்றாக முடியுங்கள். பணத்தைத் திரும்பத் தரும் நிபந்தனை உள்ள ரூமாக எடுப்பது நல்லது. பிள்ளைகளின் ஸ்பெஷல் கிளாஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

மகளோடு தனியாகப் பயணம் போகும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. நுழைவுத் தேர்வுக்கும் கல்லூரி அட்மிஷனுக்கும் இப்போது பலர் அப்படிப் போகிறார்கள். ரிசப்ஷனில் ஒரு பார்வை பார்ப்பார்கள், என்ன உறவு என்று கேட்பார்கள். கோபப்பட வேண்டாம். அந்தக் கேள்வி வேறு ஒரு பெண்ணைக் காப்பாற்றக்கூடும். மகளின் ஆதார், பள்ளி அடையாள அட்டை இரண்டையும் கையில் வையுங்கள். 15 வயதில் ஆதாரில் கைரேகையையும் படத்தையும் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. அதைச் செய்யாமல், ஐந்து வயதுப் படத்தோடு இருக்கும் அட்டையை நீட்டினால் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ரூமைத் தேடும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த ரூமில் யார் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். நான் அன்று கேட்டிருந்தால் என் மகள் ஒரு ராத்திரியை அப்படிக் கழித்திருக்க மாட்டாள்.

ஓட்டல் நடத்துகிறவர்களிடமும், ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, கன்னியாகுமரி என்று நம் ஊர்க் குடும்பங்கள் போகும் இடங்களில் எல்லாம் ஓட்டல் வைத்திருக்கும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடமும் ஒரு வேண்டுகோள். கட்டிலின் அளவு, எக்ஸ்ட்ரா பெட் என்றால் கட்டிலா மெத்தையா, பாத்ரூம் சுவர் கண்ணாடியா இல்லையா, பக்கத்து ரூமுக்கு நடுவில் கதவு உண்டா என்ற நான்கையும் உங்கள் இணையதளத்தில் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். புதிதாக மாடி எடுக்கிறவர்கள், மாடிக்கு இரண்டு ரூமுக்காவது நடுவில் ஒரு கதவு வையுங்கள். இரண்டு பக்கமும் தாழ்ப்பாளோடு.